ஹெல் லெட் லூஸ்: புதிதாக இறங்குபவர்களுக்கு

இந்த கேமை வாங்கிய முதல் நாள் ஒரு நார்மண்டி வயலில் இறங்கினேன். ஏழெட்டு நிமிடம் ஓடினேன். எதிரி என்று ஒருவரும் கண்ணில் படவில்லை. எங்கிருந்தோ ஒரு சத்தம், திரை கறுத்துவிட்டது. மறுபடி இறங்கினேன், மறுபடி ஓடினேன், மறுபடி அதே கறுப்பு. ஆட்டம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதில் நான் வீழ்த்தியது ஒரே ஒருவரை. அவரும் என் அணிக்காரர்.

வேறு துப்பாக்கி கேம்களில் கை பழகியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். குறி தப்பாது, விரல் வேகம் இருக்கும், ஆனாலும் அணி தோற்றுக்கொண்டே இருக்கும். காரணம் எளிது: செத்தவர்கள் எவ்வளவு சீக்கிரம், சண்டைக்கு எவ்வளவு பக்கத்தில் மறுபடி இறங்குகிறார்கள் என்பதுதான் இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

முதலில் கேம் என்ன என்று சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரை வைத்து பிளாக் மேட்டர் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் உருவாக்கியது, டீம்17 வெளியிட்டது. 2019 ஜூன் 6 அன்று, அதாவது நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியதன் 75ஆவது ஆண்டு நாளன்று, முழுமையடையாத வடிவில் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்பனைக்கு வந்தது. முழு வடிவம் 2021 ஜூலையில். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும் அதே ஆண்டு அக்டோபரில். ஒரு பக்கம் 50 பேர், எதிர்ப்பக்கம் 50 பேர். தனியாக உட்கார்ந்து ஆட ஒரு கதை கிடையாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய கேம்தான், ஆனால் புதுப்புது மேப்புகளுக்கு இதுவரை தனியாகக் காசு கேட்டதில்லை. உடை, தொப்பி போன்ற அலங்காரங்களைத்தான் தனியாக விற்கிறார்கள். அவற்றை வாங்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஆட்டத்துக்கு முன்

கம்ப்யூட்டரில் 16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி. 8 ஜிபியை வைத்துக்கொண்டு முயற்சி செய்ய வேண்டாம், குண்டு சத்தம் கேட்கும்போதெல்லாம் படம் உறைந்து நிற்கும். கேமை எஸ்எஸ்டியில் போடுங்கள். செட்டிங்ஸில் மோஷன் பிளர் என்பதை அணைத்துவிடுங்கள். தூரத்துப் புதரில் அசையும் ஒரு ஹெல்மெட்டைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை, அதை மங்கலாக்கிக்கொள்வதில் என்ன லாபம்?

இரண்டு பொருள்கள் கட்டாயம்: ஹெட்போன், மைக். விலை உயர்ந்தது வேண்டாம், போனுடன் வந்த இயர்போன்கூடப் போதும். இதில் எதிரியைக் காட்டும் குட்டி மேப் கிடையாது. நீங்கள் சுட்டது பட்டதா என்று காட்டும் குறி கிடையாது. யாரை யார் கொன்றார்கள் என்று திரையோரம் ஓடும் பட்டியலும் கிடையாது. எல்லாவற்றையும் காதுதான் சொல்ல வேண்டும். ஜெர்மானிய எம்ஜி42 நிமிடத்துக்குச் சுமார் 1,200 குண்டுகள் சுடும், கெட்டித் துணியைச் சர்ரென்று கிழிப்பதைப் போல ஒரு சத்தம். அமெரிக்க எம்1 கேரண்ட் எட்டாவது குண்டு முடிந்ததும் ‘டிங்’ என்று உலோகச் சத்தத்தோடு கிளிப்பை வெளியே தள்ளும். ஒரு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டே எந்தப் பக்கத்துத் துப்பாக்கி என்று சொல்லிவிடுவீர்கள்.

நேரே போர்க்களத்துக்குப் போகாமல் முதலில் பயிற்சிக் களத்தில் அரை மணி நேரம் செலவிடுங்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்பது கைக்கு வரட்டும். குறிப்பாக மூன்று: மேப் திறப்பது, காயத்துக்குக் கட்டுப்போடுவது, பேசுவது.

சர்வர் தேர்ந்தெடுக்கும்போது பிங், அதாவது சர்வர் பதில் தர எடுக்கும் மில்லிநொடித் தாமதம், அந்த வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 100க்குக் கீழ் இருந்தால் சுகம், 150 வரை தாங்கலாம். ஆனால் பிங்கை மட்டும் பார்த்து ஆளில்லாத சர்வருக்குள் போய்விடாதீர்கள். 80 பேருக்குக் குறைவாக இருந்தால் இந்த கேமின் ருசியே தெரியாது. பெயரிலேயே புதியவர்களுக்கு இடமுண்டு என்று எழுதியிருக்கும் சர்வர்களும் இருக்கின்றன, முதல் சில நாள் அங்கே தங்குவது நல்லது. ஆட்டவகைகளில் வார்ஃபேர் என்பதில் தொடங்குங்கள்.

எந்த ஸ்குவாட், எந்த வேலை

உள்ளே போனதும் அணியைத் தேர்ந்தெடுத்து ஸ்குவாட் எனப்படும் ஒரு சிறு குழுவில் சேர வேண்டும். காலாட்படை ஸ்குவாடில் ஆறு பேர், டேங்க் ஸ்குவாடில் மூன்று, ரெக்கான் எனப்படும் வேவு ஸ்குவாடில் இரண்டு. எல்லாருக்கும் மேலே ஒரு கமாண்டர். நீங்கள் காலாட்படையில் சேருங்கள். ஸ்னைப்பர் ஆசை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் தூரத்தில் தனியாகப் படுத்துக்கொண்டு ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள முடியாது.

தலைமை தாங்கும் ஆபீசர் இல்லாத ஸ்குவாடில் சேராதீர்கள். பட்டியலில் ஆபீசர் இருக்கிறாரா என்று பார்த்துச் சேர்ந்து, மைக்கில் ஒரு வரி சொல்லுங்கள்: “ஹாய், ஐ ஆம் நியூ.” பதில் வந்தால் அங்கேயே இருங்கள். பத்து நொடியில் பதில் வரவில்லையென்றால் வேறு ஸ்குவாட் பாருங்கள். ஊமை ஆபீசரின் கீழ் ஒன்றரை மணி நேரம் ஓடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

வேலைகளில் முதலில் ரைபிள்மேன் எடுங்கள். நல்ல ரைபிள், கையில் ஒரு குண்டுப் பெட்டி, பொறுப்பு குறைவு. நாலைந்து ஆட்டம் ஆனதும் சப்போர்ட் எடுத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த கேமின் மிக முக்கியமான ஆள் இவர்தான், ஆனால் யாரும் விரும்பி எடுப்பதில்லை. அவர் முதுகில் 50 அளவு சப்ளைப் பெட்டி இருக்கிறது. அந்த 50 எதற்கு என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். மெடிக்கும் நல்ல தேர்வு. மெஷின்கன் எடுக்க அவசரம் வேண்டாம், சுட ஆரம்பித்த மறுநிமிடம் மொத்த எதிரணிக்கும் நீங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

மேப்பைப் படிப்பது

மேப்பைத் திறந்தால் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு பக்கம் ஏ முதல் ஜே வரை, இன்னொரு பக்கம் 1 முதல் 10 வரை. ஒரு கட்டம் 200 மீட்டர். அதாவது மொத்தக் களமும் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு கட்டமும் உள்ளே ஒன்பது சிறு கட்டங்கள், போன் பொத்தான்களைப் போல. யாராவது “ஈ ஃபைவ், கீபேட் த்ரீ” என்று கத்தினால் அதுதான் பொருள்.

வார்ஃபேர் ஆட்டத்தில் களம் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். தொடக்கத்தில் இரண்டு உங்களுடையவை, இரண்டு எதிரியுடையவை, நடுவில் உள்ளது யாருக்கும் இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வட்டம் வரைந்திருக்கும். அந்தப் பகுதிக்குள் ஆள் அதிகம் வைத்திருக்கும் அணி அதைப் பிடிக்கிறது. வட்டத்துக்குள் நிற்பவருக்கு எடை கூடுதல். ஐந்தையும் பிடித்தால் உடனே வெற்றி. இல்லையென்றால் 90 நிமிடம் முடியும்போது யாரிடம் அதிகப் பகுதி இருக்கிறதோ அவர்கள்.

புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எல்லாரும் முன்னால் ஓடி எதிரியின் வட்டத்தைத் தாக்குவார்கள், தங்கள் வட்டத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. பின்னால் பத்துப் பேர் புகுந்து பிடித்துக்கொள்வார்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மேப்பைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே உண்டாக்கிக்கொள்ளுங்கள். மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு திறங்கள், நடுத்தெருவில் நின்று திறக்காதீர்கள்.

எங்கே இறங்குவது

இப்போது அந்த 50க்கு வருவோம்.

செத்தபின் மறுபடி இறங்க முக்கியமாக மூன்று வகை இடங்கள் இருக்கின்றன. முதலாவது தலைமையகம், களத்தின் கடைசியில் இருக்கும். அங்கிருந்து சண்டை நடக்கும் இடத்துக்கு நடந்தால் கால் கடுக்கும். இரண்டாவது அவுட்போஸ்ட். இதை ஆபீசர் இலவசமாக வைக்கலாம், ஆனால் அவருடைய ஸ்குவாட் மட்டும்தான் அதில் இறங்க முடியும். மூன்றாவது கேரிசன். இதில் அணியில் உள்ள 50 பேரும் இறங்கலாம். நம் பகுதிக்குள் ஒரு கேரிசன் கட்ட 50 சப்ளை வேண்டும். சப்போர்ட் முதுகில் இருப்பதும் சரியாக 50. எதிரியின் பகுதிக்குள் கட்ட 100, அதாவது இரண்டு சப்போர்ட்டுகள்.

ஒரு கேரிசனுக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டர் இடைவெளி வேண்டும். மொத்தம் எட்டு வரைதான் வைக்கலாம். எதிரி நெருங்கிவந்துவிட்டால் அதில் இறங்க முடியாமல் பூட்டிக்கொள்ளும், கண்டுபிடித்துவிட்டால் பிடுங்கிப்போடுவார்கள். ஆகவே வட்டத்துக்கு நடுவில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு திருப்திப்படும் அணி, அது போன மறுநிமிடம் தலைமையகத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருக்கும். நல்ல அணி பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று என்று பரப்பி வைத்திருக்கும். நான் பார்த்தவரை, ஒரு அணி சட்டென்று சரிந்து விழுவது எதிரியின் திறமையால் நேர்வதைவிட, இரண்டாவது கேரிசன் இல்லாததால்தான் அதிகம்.

இதில் புதியவரான உங்கள் வேலை என்ன? ஒன்று, சப்போர்ட்டாக இருந்தால் ஆபீசர் பக்கத்திலேயே இருந்து, கேட்டவுடன் பெட்டியை இறக்குவது. பெட்டியை முதுகில் சுமந்தபடியே செத்துப்போவது மகா பாவம். இரண்டு, பெட்டியை இறக்கி கேரிசன் கட்டியாகிவிட்டதா? மேப்பில் ரீடெப்லாய் அழுத்தி, அதாவது இருக்கும் ஆளைச் சாகவிட்டு, வேறு இடத்தில் இறங்கினால் மறுபடி முழுப் பெட்டியோடு வருவீர்கள். வேண்டுமென்றே சாவது கேவலம் இல்லை, நேரம் மிச்சம். மூன்று, எதிரியின் கேரிசனோ அவுட்போஸ்டோ கண்ணில் பட்டால் ஆட்களைச் சுடுவதை மறந்துவிட்டு முதலில் அதை அழியுங்கள். ஒருவரைச் சுட்டால் அவர் ஒரு நிமிடத்தில் திரும்பி வருவார். கேரிசன் போனால் ஐம்பது பேர் நடந்து வர வேண்டும்.

தலைமையகத்தில் நிற்கும் சப்ளை லாரியும் இதே காரியத்துக்குத்தான். சிலர் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு முன்னணிக்கு ஓட்டிப்போய் ரோட்டோரம் போட்டுவிட்டுப் போவார்கள். நானும் ஒருமுறை செய்தேன். கமாண்டர் என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

இஞ்சினியர் எடுத்தவர்கள் ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடங்களில் பின்னால் தங்கி நோட் என்ற மூன்று வகைக் கட்டுமானங்களை முடித்துவிட்டு வர வேண்டும். கமாண்டர் விமானத்தில் சப்ளை இறக்குவதும் குண்டு போடச் சொல்வதும் அதிலிருந்து வரும் வளத்தை வைத்துத்தான். அலுப்பான வேலை, ஆனால் யாராவது செய்தே ஆக வேண்டும்.

நடப்பதும் சுடுவதும்

நெஞ்சில் ஒரு ரைபிள் குண்டு பட்டால் முடிந்தது. ஆகவே திறந்தவெளியைக் குறுக்கே கடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். நார்மண்டி மேப்புகளில் வயல்களைச் சுற்றி ஆளுயர மண்மேடும் அதன்மேல் அடர்ந்த வேலியுமாக இருக்கும். அமெரிக்கர்கள் 1944இல் அந்த வேலிகளுக்கு நடுவேதான் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கேமிலும் அப்படியே. வேலியை ஒட்டியே நகருங்கள், இடைவெளி வரும் இடத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்த இடைவெளியை யாராவது ஒருவர் கட்டாயம் குறிவைத்துக்கொண்டிருப்பார்.

பத்து அடி ஓடி, படுத்து, பார்த்து, மறுபடி ஓடுங்கள். மூச்சிரைக்க ஓடிவந்து உடனே சுட்டால் துப்பாக்கி ஆடும். திரை நடுவில் குறிச்சிலுவை கிடையாது, துப்பாக்கியின் முனையை வைத்துத்தான் குறி. ஜெர்மானியர்களின் கார்98கே ஐந்து குண்டு, ஒவ்வொன்றுக்கும் போல்ட்டை இழுக்க வேண்டும். பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டும் போல்ட் வகைதான், ஆனால் பத்து குண்டு. தொடங்குபவர்களுக்கு அமெரிக்க அணியில் கேரண்ட் எடுப்பது சுலபம், தவறினால் உடனே இரண்டாவது குண்டு இருக்கிறது.

ஆளைப் பார்த்தவுடன் சுடாதீர்கள். நம் ஆளைச் சுட்டாலும் சாவார். ஹெல்மெட்டின் வடிவத்தைப் பாருங்கள், எந்தத் திசையிலிருந்து வருகிறார் என்று பாருங்கள், மேப்பில் அங்கே நம்மவர் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். தப்பு நடந்துவிட்டால் உடனே சாட்டில் ‘சாரி’ என்று போடுங்கள். பெரும்பாலும் மன்னித்துவிடுவார்கள். முதல் நாள் என்னால் செத்த அந்த மனிதர் “நோ வொரீஸ்” என்று எழுதினார், அதனால்தான் மறுநாளும் கேமைத் திறந்தேன்.

தலைக்கு மேல் குண்டு பறந்தால் திரை மங்கும், கை நடுங்கும். எதிரி அதற்காகத்தான் சுடுகிறார். நீங்களும் அதையே செய்யலாம்: ஜன்னலில் ஆள் தெரியவே வேண்டாம், ஜன்னலை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தாலே அவர் தலையைத் தூக்க மாட்டார், அதற்குள் உங்கள் ஸ்குவாட் தெருவைக் கடந்துவிடும்.

அடிபட்டு விழுந்தால் உடனே மேப்புக்குப் போகத் துடிக்காதீர்கள். பக்கத்தில் மெடிக் இருந்தால் மார்பின் ஊசி போட்டு எழுப்புவார். யாரும் இல்லை, எதிரிகள் நடுவில் கிடக்கிறீர்கள் என்றால் விட்டுவிட்டு மறுபடி இறங்குங்கள்.

டேங்க் வந்தால் ரைபிளால் சுடாதீர்கள், அதற்கு உறைக்காது, உங்கள் இடம்தான் தெரியும். ஒளிந்துகொண்டு கட்ட எண்ணைச் சொல்லுங்கள்; பின்பக்கம் அடிக்கப் பாசூக்காவோடு யாராவது போவார்கள்.

வாய்

பேச மூன்று வழிகள்: பக்கத்தில் இருப்பவர்களோடு, ஸ்குவாடோடு, ஆபீசர்களும் கமாண்டரும் மட்டும் பேசும் மேல்வழி. உங்களுக்கு முதல் இரண்டு போதும். நம் பக்கத்துச் சர்வர்களில் இங்கிலீஷ்தான் ஓடும். இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை. திசை, தூரம், பொருள், இந்த மூன்றும் இருந்தால் போதும். திரையின் கீழே திசைகாட்டி டிகிரி காட்டும். “ஒன் எய்ட்டி, ஹவுஸ், செகண்ட் ஃப்ளோர், எம்ஜி.” முடிந்தது. “அங்க அங்க, அந்த மரத்துக்குப் பக்கத்துல” என்று சொன்னால் நார்மண்டியில் எந்த மரம் என்று யார் தேடுவது?

காதில் விழும் சில சொற்கள்: காரி என்றால் கேரிசன். ஓபி என்றால் அவுட்போஸ்ட். ஆர்ட்டி என்றால் பீரங்கி. ப்ளூபெர்ரி என்றால் உங்கள் அணியில் இருந்தாலும் உங்கள் ஸ்குவாடில் இல்லாதவர், மேப்பில் நீலப் புள்ளியாகத் தெரிவதால் வந்த செல்லப்பெயர்.

எந்தக் களங்கள்

சாந்த்-மேர்-எக்லீஸ், கேரன்டன் இரண்டும் புதியவர்களுக்கு நல்லவை. முதலாவதில் வீடு, வயல், தோப்பு எல்லாம் கலந்திருக்கும். ஊர் நடுவில் ஒரு தேவாலயம் உண்டு. 1944 ஜூன் 6 அதிகாலையில் அமெரிக்க பாராசூட் வீரர் ஜான் ஸ்டீல் அதன் கோபுரத்தில் மாட்டிக்கொண்டு தொங்கினார். இன்றைக்கும் அந்த ஊரில் அதே கோபுரத்தில் ஒரு பொம்மையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஃபோய் மேப் முழுக்கப் பனி, அழகு, ஆனால் ஒளிய இடமே இருக்காது. ஹில் 400, மேட்டைப் பிடித்தவர் கை ஓங்கும். பர்ப்பிள் ஹார்ட் லேன் எனக்குப் பிடிக்காது, எங்கும் தண்ணீர், பாலத்தில் எல்லாரும் சேர்ந்து சாவார்கள். கேரன்டனுக்குப் போகும் அந்தச் சாலையில் உண்மையாகவே அவ்வளவு பேர் அடிபட்டதால்தான், காயமடைந்தவர்களுக்குத் தரும் பதக்கத்தின் பெயரை வீரர்கள் அதற்கு வைத்தார்கள். எல் அலமெய்ன் பாலைவனம், டேங்க்காரர்களின் சொர்க்கம். 1942 அக்டோபர், நவம்பரில் நடந்த உண்மைப் போரில் பிரிட்டனின் 8ஆவது ராணுவத்தில் 4ஆவது இந்திய டிவிஷனும் இருந்தது.

எப்போது ஆபீசராவது

இருபது, முப்பது மணி நேரம் ஆடியபின் ஒருநாள் உங்கள் ஸ்குவாடின் ஆபீசர் திடீரென்று கழன்றுகொள்வார். பட்டியலில் அந்த இடம் காலியாக நிற்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். சில சர்வர்களில் லெவல் குறைந்தவர்களை விடமாட்டார்கள், விட்டால் எடுத்துவிடுங்கள். பெரிய தந்திரமெல்லாம் வேண்டாம். “அயாம் நியூ டு திஸ், பட் ஐ வில் கீப் தி ஓபி அப்” என்று சொல்லிவிட்டு, வட்டத்துக்கு நூறு மீட்டர் பக்கவாட்டில் ஒரு புதருக்குள் அவுட்போஸ்ட் வையுங்கள். அப்புறம் மேப்பைத் திறந்து, 200 மீட்டர் தூரத்துக்குள் நம் கேரிசன் இல்லாத ஒரு மூலையைத் தேடி, சப்போர்ட்டைக் கூப்பிட்டு அங்கே பெட்டியை இறக்கச் சொல்லுங்கள்.